அடுத்த பலகை

சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் உப்புத்தாளக்கா பட்டறை வாசலுக்கு வந்துவிடுவாள். வந்தவள் நேரே உள்ளே போக மாட்டாள். நிலைக்காலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, குனிந்து தரையைப் பார்ப்பாள். தரை முழுக்க மரத்தூசி, சலித்த மாவைத் தூவியதுபோல் படிந்து கிடக்கும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து முடித்த பிறகும் நடுவில் கால் வைக்க மாட்டாள். துடைத்த ஈரம் காயாத தரையில் ஒதுங்கிப் போவோமே, அதுபோலச் சுவரை உரசிக்கொண்டு சுற்றி நடந்து மிஷினிடம் போவாள்.

“என்ன அண்ணி, பாம்பு கீம்பு தேடுறீங்களா?” என்பான் கொழுந்தன்.

“இருந்தா உன்னைத்தான் முதல்ல கடிக்கும். வெறுந்தரையில வாயைப் பொளந்துட்டுத் தூங்குறது நீதானே” என்பாள் இவள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். எதைத் தேடுகிறாள் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

உப்புத்தாளக்கா என்பது மரக்கடைக்காரர்கள் வைத்த பெயர். எந்நேரமும் தோளில் ஒரு சுருள் உப்புத்தாள் தொங்கும். மரத்தைத் தேய்க்கிற சொரசொரப்பான தாள்தான். வாய்க்கும் மூக்குக்கும் ஒரு பழைய பருத்தித் துணி. புருவம், இமை, காதுமடல் எல்லாம் தூசி பூத்து, வெளிச்சம் பின்னாலிருந்து விழும்போது பார்த்தால் சாம்பலில் பிடித்துவைத்த பொம்மைபோல் இருப்பாள். தெரியாதவர்கள் திடுக்கிட்டுத்தான் போவார்கள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. பேரம் பேச வருகிறவன் பாதிக் குரலில் பேசுவான் பாருங்கள், அதனால்.

அவள் ஓட்டுவது உருளை மிஷின். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு இரும்பு மேசை, அதன்மேல் தானாக நகரும் அகலப் பட்டை, பட்டைக்கு மேலே குறுக்காக ஒரு உருளை, உருளையைச் சுற்றி உப்புத்தாள். இந்தப் பக்கம் பலகையை வைத்தால் பட்டை இழுத்துக்கொண்டு போகும். உருளை சுழன்று மேலெல்லாம் தேய்க்கும். அந்தப் பக்கம் பலகை வழுவழுவென்று, வெதுவெதுவென்று வெளியே வரும். அங்கே ஒருவர் நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்க ஆளில்லை என்றால் நீளப் பலகை தன் கனத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாலைத் தூக்கும். தூக்கிய வாலை உருளை கடித்துக் குழியாக்கிவிடும். ஆக, கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர். இரண்டு பேர் இல்லாமல் அந்த மிஷின் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வேலை செய்கிற அழகு தனி. பலகையின் மேல் பென்சிலால் கன்னாபின்னாவென்று கிறுக்குவாள். உள்ளே போய் வெளியே வரும்போது கிறுக்கல் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். கிறுக்கல் முழுக்க அழிந்தால் பலகை மட்டம். அவசரப்பட்டு உருளையை ஒரேயடியாக இறக்க மாட்டாள். “அதுக்கு வாய் சின்னது. ஊட்டுறதைக் கொஞ்சம் கொஞ்சமா ஊட்டணும்” என்பாள். தாளைச் சுற்றும்போது விளிம்பு விளிம்பின்மேல் ஏறாமல், தளராமல் சுற்றுவாள். தளர்ந்தால் தாள் படாரென்று கிழிந்து பறக்கும். பலகையில் கருகின கோடு ஒன்று நீளமாக விழுந்தால் தாளில் மரப்பிசின் அப்பியிருக்கிறது என்று அர்த்தம். உடனே தேய்ந்த ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தைச் சுழலும் உருளையில் காட்டுவாள். ரப்பர் பிசினை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதற்காகவே ஊர்ப்பட்ட பழஞ்செருப்பு ஒரு மூட்டை வைத்திருக்கிறாள். எல்லாம் ஒற்றை ஒற்றையாய், யார் யார் காலோ.

இதெல்லாம் அவள் புருஷன் செய்து அவள் பார்த்தது. மிஷின் அவருடையது. அவர் கொடுப்பார், அவருடைய அம்மா அந்தப் பக்கம் நின்று வாங்குவாள். கிழவிக்குக் கண்ணில் பூ விழுந்து நிழலும் வெளிச்சமும்தான் தெரியும். அதற்கென்ன, வாங்குவதற்குக் கை போதுமே. ஒரு ஆஸ்பத்திரிக்கு அகலக் கதவுகள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில் நேரம். இவள் டீ எடுத்துக்கொண்டு போனாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டை நகர்கிறது, உருளை சுழல்கிறது, நடுவில் பலகை இல்லை. அந்தப் பக்கம் மாமியார் இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டியபடி நிற்கிறாள். இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்தபடி, மிஷினின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர்.

“எவ்வளவு நேரம்டா நிக்கிறது? அடுத்ததை அனுப்பு” என்றாள் மாமியார், சிரித்துக்கொண்டே.

அவர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். அத்தனை நேரமும் கிழவி கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

கொஞ்ச நாள் மிஷின் சாக்கு போர்த்திக் கிடந்தது. பிறகு இவளே சாக்கை உருவினாள். அப்பா அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னவர்களிடம், சோறு போட்ட மிஷின் இங்கேதானே இருக்கிறது, நான் மட்டும் எங்கே போக என்றாள். உருளையை நேராக்குவது எப்படி என்று அவர் செய்யப் பார்த்திருக்கிறாள். ஒரே குச்சியிலிருந்து அறுத்த இரண்டு கட்டைகளை உருளையின் இரண்டு முனைக்கும் அடியில் வைப்பது. பக்கத்திலிருக்கும் இரும்புக் குமிழைத் திருகித் திருகி, உருளை இரண்டு கட்டையையும் ஒன்றுபோல் தொடும்படி செய்வது. செய்தாள். நாற்காலிக்கு, ஜன்னலுக்கு என்று ஒடுக்கமான பலகைகளைக் கொடுத்தாள். கொழுந்தன் மறுபக்கம் நின்று வாங்கினான். வெண்ணெய்போல் வந்தது. மேசை நாற்காலி செய்கிறவன் அவன். முதல் நாளே, “அண்ணி, அண்ணன் கை அப்படியே உங்ககிட்ட வந்திருச்சு” என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று விழித்தான்.

காலையில் வெண்ணெய்போல் வந்த பலகை சாப்பாட்டுக்குப் பிறகு கோணியது.

ஒரு ஓரம் தடிப்பு, ஒரு ஓரம் மெலிவு. கண்ணுக்குத் தெரியாது, இரண்டு பலகையைச் சேர்த்து வைத்து விரலால் தடவினால் தெரியும். கட்டையை வைத்துப் பார்த்தாள். உருளை ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்தது. மறுபடி நேராக்கினாள். மறுநாளும் அதே கதை. மிஷின் அதிர்கிற அதிர்வில் குமிழ் தளர்கிறது என்றான் கொழுந்தன். இருக்கலாம் என்று குமிழிலும் மிஷின் உடம்பிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டாள். காலை முழுக்க மிஷின் அதிர்ந்தது, கோடு அசையவில்லை. சாப்பிட்டு வந்து பார்த்தால், மிஷின் சும்மா கிடந்த நேரத்தில், கோடு விலகியிருந்தது. அடுத்த நாளும் விலகியது, துளி பிசகாமல் அதே இடத்துக்கு. தளர்கிற குமிழ் தினமும் ஒரே இடத்திலா நிற்கும்? இடம் பார்த்தா நிற்கும்?

யாரிடமும் சொல்லவில்லை. மிஷினைத் துடைக்கிற சாக்கில் அதன் காதோரம் குனிந்து, “நான் தொடுறது உங்களுக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டாள். காது எங்கே இருக்கிறது மிஷினுக்கு? ஆனாலும் அவர் தலை சாய்த்திருந்த இடம் அது. தூசி உறிஞ்சும் குழாய்க்குள் ஏதோ சரிந்து விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அடைப்பு என்று குழாயைக் கழற்றியிருப்பாள். அன்று தொடவே இல்லை.

இதற்கு நடுவில் அகலமான அலமாரிக் கதவு ஒன்று வந்தது. அந்த உருளையின் ஒரு முனையை மிஷின் பிடித்திருக்கும், மறுமுனை திறந்த வாய், பலகையின் மிச்ச அகலம் அந்த வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உருளையைவிட அகலமான பலகையை ஒருமுறை கொடுத்து, திருப்பிப் போட்டு மறுபாதியை இன்னொருமுறை கொடுக்க வேண்டும். காலை நேரம்தான், உருளையும் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் கதவின் நடுவில், இரண்டு பாதியும் சேருகிற இடத்தில், நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. எத்தனை தடவை கொடுத்தாலும் கோடு போகவில்லை. கொழுந்தன் அதைக் கையால் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுபோனான்.

அவனுக்கும் பயம் பிடித்துவிட்டது. ஆனால் பயம் என்று ஒப்புக்கொள்ளாமல் கோபப்பட்டான். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி, இது அண்ணனோடேயே போயிருக்க வேண்டிய மிஷின் என்றான். பழைய மிஷின் வாங்குகிறவன் வருகிறானாம். தையல்காரருக்குத் துணி வெட்டுகிற மேசை ஒன்று செய்துகொண்டிருந்தான், நல்ல அகலம். “அதுலயும் கோடு விழுந்தா மிஷினை ஏத்தி விட்டுருவேன் அண்ணி. கோட்டுல துணி சிக்குற மேசையைத் தையல்காரர் தலையில கட்ட முடியாது. நீங்க வீட்டைப் பார்த்துக்கங்க.”

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். அடுப்படி, மாமியாரின் மருந்து, ஜன்னல். தோளில் இந்த உப்புத்தாள் இல்லாமல் தான் யார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிடவும் உள்ளே உறுத்தியது வேறு. அவருக்கே பிடிக்கவில்லை என்றால்?

அன்று சாப்பிடப் போகும்முன் தூசிப் பையை அவிழ்த்து, மெல்லிய தூளை மிஷினைச் சுற்றித் தரையில் தூவினாள். மென்துடைப்பத்தால் தடவிச் சமமாக்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். தூசியில் செருப்புத் தடம்.

வாசலிலிருந்து குமிழுக்கு. குமிழிலிருந்து சுற்றிக்கொண்டு அந்தப் பக்கத்துக்கு. அங்கே இரண்டு தடமும் சேர்ந்து, அழுத்தமாக, நெடுநேரம் நின்றதுபோல். பெரிய செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்த செருப்பு. அந்தத் தேய்மானம் அவளுக்குத் தெரியாதா? காலை ஒருக்களித்து நடக்காதீர்கள் என்று எத்தனை வருஷம் சொல்லியிருப்பாள். அந்தச் செருப்பைப் பழஞ்செருப்பு மூட்டையில் சேர்க்க மனம் வராமல் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்ததும் அவள்தான். நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெயில் தகரக் கூரையில் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் கொட்டாவி விட்டபடி வருகிற சத்தம் கேட்டதும், அவசரமாகக் காலால் தடத்தைக் கலைத்தாள். யாரும் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. அது அவளுடையது.

மறுநாள் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பட்டறையிலேயே தங்கினாள். சுவரோரம் நிறுத்தியிருந்த பலகைகளுக்குப் பின்னால், மரவாசனைக்குள் மூச்சை அடக்கி நின்றாள். வீட்டில் தட்டுகளின் சத்தம் அடங்கியது. பிறகு வந்தது, சரக், சரக் என்று, காலைவிடப் பெரிய செருப்பு இழுபடும் சத்தம். கதவு மெல்லத் திறந்தது.

மாமியார்.

சாப்பிட்டுப் படுத்திருக்க வேண்டியவள், மகனுடைய செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வருகிறாள். சுவரைத் தொடவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. மிஷின் உடம்பில் கையை ஓட்டிக் குமிழைப் பிடித்தாள். கட்டைவிரலால் எதையோ தடவித் தேடினாள். திருகினாள். நிறுத்தினாள். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், ஓடாத உருளையின் முன்னால், இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினாள்.

“அடுத்ததை அனுப்புடா” என்றாள் மெதுவாக.

நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பலகை வரும் என்று இவளும் எதிர்பார்த்தாள்.

“அத்தை” என்றாள் கடைசியில்.

கிழவி திடுக்கிடவில்லை. கையை மட்டும் மடக்கிக்கொண்டாள். “நீதானா” என்றாள், வேறு யாரையோ எதிர்பார்த்தவள்போல.

“குமிழை ஏன் அத்தை திருகுறீங்க?”

“நீ மாத்துற. நான் திருப்பி வெக்கிறேன். அவன் கடைசியா கை வெச்ச இடம் அது. அதையும் மாத்திட்டா அவன் வந்து எங்க கை வெப்பான்?”

“பலகை கோணுது அத்தை.”

“கோணட்டும்.”

இவள் குமிழருகே போனாள். கிழவி தடவிய இடத்தைத் தானும் தடவினாள். தூசியும் பிசினும் கெட்டியாக அப்பியிருந்த அடியில், விரலுக்கு மட்டும் தெரிகிறமாதிரி ஒரு சின்ன வெட்டு, அரத்தால் ராவிய வெட்டு. கண்ணால் பார்த்தே வேலை செய்கிறவளுக்கு இத்தனை நாளும் அது தட்டுப்படவில்லை. வெட்டு நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரிக் கதவுகள் வந்த அன்று அவன்தான் உட்கார்ந்து கர் கர்ரென்று ராவிக்கொண்டிருந்தான் என்றாள் மாமியார்.

ஆஸ்பத்திரிக் கதவுகள். அகலக் கதவுகள்.

இவள் கட்டைகளை எடுத்து வைத்துப் பார்த்தாள். மிஷின் பிடித்திருக்கும் முனையில் உருளை கட்டையைத் தொட்டது. திறந்த முனையில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. கோடு போடுவதே அந்தத் திறந்த முனையின் விளிம்புதான். அதை மயிரிழை தூக்கி வைத்தால் விளிம்பு எங்கே அழுத்தும், கோடு எங்கே விழும்? ஒடுக்கப் பலகைக்கு நேர், அகலப் பலகைக்கு இந்தத் தூக்கல். அதற்காகத்தான் வெட்டுப் போட்டு வைத்திருக்கிறார். வேலை நடுவிலேயே போனதால் தூக்கிய இடத்திலேயே அவர் கை நின்றுவிட்டது. தாய் அதை மகனுடைய இடம் என்று காத்தாள். பெண்டாட்டி அதைத் தன்மேல் உள்ள கோபம் என்று நடுங்கினாள்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நிம்மதிக்குள் ஒரு ஏமாற்றமும் இருந்தது. வந்தது அவர் இல்லையே.

தையல்காரர் மேசைப் பலகையை அன்று சாயங்காலமே மிஷினுக்குக் கொடுத்தாள். குமிழை மாமியார் வைத்த இடத்திலேயே விட்டாள். அந்தப் பக்கம் நிற்கப்போன கொழுந்தனை விலகச் சொல்லி, அத்தை வாங்கட்டும், நீ கனத்தை மட்டும் தாங்கு என்றாள். அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்தி நின்றான். மேசைப் பலகை ஊர்ந்து உள்ளே போனது. உருளையின் சத்தம் ஒரே சீராக, தேனீக்கூட்டைக் காதில் வைத்ததுபோல். கிழவியின் கையில் வெதுவெதுப்பாக வந்து சேர்ந்தது. திருப்பிப் போட்டு மறுபாதியையும் இவள் கொடுத்தாள். பென்சில் கிறுக்கல் ஒன்றுகூட மிச்சமில்லை. நடுவில் விரலை ஓட்டிய கொழுந்தன், மறுபடியும் ஓட்டினான். பிறகு தையல்காரர் வந்து, ஊதினால் பறக்கும் துணி ஒன்றை விரித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தார். எங்கேயும் மாட்டவில்லை. மிஷின் வாங்க வந்தவனைக் கொழுந்தன் டீ கொடுத்து அனுப்பினான்.

மாமியார் மட்டும் மேசையைத் தடவிக்கொண்டே, “இன்னிக்குத்தான் அவன் அனுப்பினான்” என்றாள். அனுப்பியது நான் அத்தை என்று இவள் சொல்லவில்லை.

இப்போது கிழவி படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டும். ஆனால் பின்னால் பட்டறையில் மிஷின் நின்றதும் காது விழித்துக்கொள்ளும். “வெட்டு எங்கடி இருக்கு?” என்று கேட்பாள். “கீழதான் அத்தை” என்பாள் இவள். அது பொய். பொய் சொன்ன வாயோடு சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள்.

போன வாரம் தாளில் பிசின் அப்பியபோது மூட்டையில் நல்ல ரப்பர் இல்லை. கொழுந்தன் கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு, “அந்த ஜோடி சும்மாதானே கிடக்கு அண்ணி, அம்மா இனிமே நடக்கவா போறாங்க, மிஷினுக்குக் குடுத்துருவோமா?” என்று கேட்டான். அவள் தன் காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, அன்று முழுக்க வெறுங்காலோடு வேலை செய்தாள்.

மத்தியானம் மிஷினை நிறுத்தியதும் குமிழைத் திருகி, வெட்டு கீழே இல்லாதபடி உருளையை நேராக்குவாள். மென்துடைப்பத்தை எடுத்துத் தூசியைத் தரையெங்கும் தடவித் தடவிச் சமமாக்குவாள். திரும்பி வந்து தரையில் என்ன பார்த்தாள், குமிழ் எங்கே இருந்தது என்று கேட்டால், “பலகையை எடு” என்பாள், அவ்வளவுதான். சமமாக்கி முடித்ததும் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கடியில் கையை விட்டு, இடது குதிகால் தேய்ந்த அந்த ஜோடியை எடுத்து வருவாள். பட்டறை வாசலில் குனிந்து, இரண்டையும் சேர்த்து, முனை உள்பக்கம் பார்க்கும்படி வைப்பாள். கதவை விரியத் திறந்து விட்டுவிட்டுச் சாப்பிடப் போவாள்.